நிறம் மாறினால் ஆய்வு முடிந்ததா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அருகருகே அமைந்த இரண்டு ஊர்கள் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். முன்னது நூற்பாலைகளால் பெயர் பெற்றது; பின்னது ஆண்டாள் கோயிலின் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் நாடறிந்தது. இவ்விரண்டு ஊர்களையும் சூழ்ந்து இன்று கல்வி நிலையங்கள் பல எழுந்துள்ளன. இராசபாளையம் ராஜூக்கள் கல்லூரி 1973ஆம் ஆண்டில் தோன்றியது. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் நிறுவனம் 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013இல் பிறந்தது. ஒரு தலைமுறைக்கு முன் ஆய்வுப் பட்டம் பெற விழைந்த இப்பகுதி மாணவர் மதுரைக்கோ சென்னைக்கோ மூட்டை கட்ட வேண்டியிருந்தது. இன்று நெசவாளி வீட்டுப் பிள்ளையும் காலையில் வீட்டிலுண்டு பேருந்தேறி ஆய்வுக்கூடம் சென்று மாலையில் இல்லம் திரும்புகின்றார். இம்மாற்றத்தைக் கண்டு மகிழாதார் இலர், நாமும் மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சியினூடே எழுந்த கவலை ஒன்றையும் இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

சில மாதங்களுக்கு முன் வேதியியல் ஆய்வு மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். தம் ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்றும், நானோ துகளுக்கு ஏற்ற தமிழ்ச்சொல் வேண்டும் என்றும் கேட்டார். ‘நானோ’ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ‘மீநுண் துகள்’ எனலாம், வழக்கிலுள்ளவாறு ‘நானோ துகள்’ என்றே எழுதினும் இழுக்கில்லை என்றோம். பின்னர், “தம்பி, மலையில் ஆயிரம் மூலிகை இருக்க, இந்த இலையை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?” என்று வினவினோம். “ஐயா, இந்த இலையை இதுவரை யாரும் செய்யவில்லை” என்றார் அவர். “செய்து முடித்தபின் என்ன தெரியவந்தது?” என்று கேட்டோம். “கரைசல் பழுப்பாக மாறியது ஐயா; துகள் உருவாயிற்று” என்றார். அதற்கு மேல் அவரிடம் விடையில்லை. அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். உழைப்பிற் குறைந்தவரும் அல்லர். அவரிடம் யாரும் ‘ஏன்’ என்று கேட்டதில்லை, அவ்வளவே. அம்மௌனமே இக்கட்டுரைக்கு வித்து.

துகளின் கதை

நாம் தமிழ்த்துறை சார்ந்தோர். வேதியியல் வல்லுநர் அல்லோம். ஆயினும் கற்றாரைக் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்த அளவில் சிலவற்றைக் கூறுதல் தகும். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். ஏறத்தாழ ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரையுள்ள துகள்களையே நானோ துகள் என்பர். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுர வெள்ளிக்கட்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதே கட்டியைப் பத்து நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கிவிட்டால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழப் பதினைந்து சென்ட் மனை! எடை மாறவில்லை; பொருள் மாறவில்லை; வெளியே தெரியும் முகம் மட்டும் பத்து இலட்சம் மடங்கு பெருகிற்று. வேதிவினை பெரும்பாலும் மேற்பரப்பில் நிகழ்வதாதலின் அப்பொருளின் குணமும் மாறுகின்றது.

நிறமும் மாறுகின்றது. பொன் மஞ்சள் நிறத்தது என்பது நாமறிந்தது. நீரில் மிதக்கும் பொன் நானோ துகள் செந்நிறம் காட்டும். வெள்ளித் துகள் மஞ்சள் நிறம் காட்டும். துகளிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியலையோடு சேர்ந்து ஊசலாடுவதே இதற்குக் காரணம். மைக்கேல் பாரடே 1857இலேயே பொன்னின் செந்நிறக் கரைசலை ஆராய்ந்து, நுண்ணிய துகள்களே அந்நிறத்துக்குக் காரணம் என்று எடுத்துரைத்தார். அவர் செய்த கரைசல் இலண்டன் ராயல் நிறுவனத்தில் இன்றும் காக்கப்படுகின்றது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எவ்வாறு மிதந்து நிற்கின்றன என்பதே இயற்பிய வேதியியலின் அழகிய வினாக்களுள் ஒன்று.

வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்து வெள்ளி அயனியைத் துகளாக்குவது பழைய முறை. அவ்வேதிப்பொருளுக்கு மாற்றாக இலைச்சாற்றைப் பயன்படுத்தலாமா என்று கேட்டனர் சிலர். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 2004இல் வேப்பிலைச் சாற்றால் பொன், வெள்ளித் துகள்களை ஆக்கிக் காட்டினர். அது உண்மையான வினா, உண்மையான விடை. அதன்பின் நடந்ததுதான் சிந்தனைக்குரியது. துளசிக்கு ஒரு கட்டுரை, கற்றாழைக்கு ஒரு கட்டுரை, முருங்கைக்கு ஒரு கட்டுரை எனப் பெருகி, இன்று இந்தியக் கல்லூரிகளில் இலைக்கு ஓர் ஆய்வேடு என்னும் நிலை வந்துவிட்டது. இலையின் பெயரை நீக்கிவிட்டால் பல கட்டுரைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது அரிது.

இலைச்சாற்றிலுள்ள எப்பொருள் வெள்ளியைத் துகளாக்கியது? துகள்கள் ஒரே அளவினவா, கலவையா? ஆறு மாதம் கழித்தும் அவை அவ்வாறே இருக்குமா? நுண்ணுயிரைக் கொன்றது துகளா, துகளிலிருந்து கரைந்த வெள்ளி அயனியா, அன்றி இலைச்சாறேதானா? கோடையில் பறித்த இலையும் ஐப்பசியில் பறித்த இலையும் ஒரே விளைவைத் தருமா? இவ்வினாக்களே ஆய்வு. நிறம் மாறுவது ஆய்வின் தொடக்கம், முடிவன்று. 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவரும் துனீசிய மரபினருமான மௌங்கி பவெண்டி அவர்களின் சிறப்பு யாது? நானோ துகளை முதன்முதல் ஆக்கியவர் அவரல்லர். 1993இல் ஏறத்தாழ ஒரே அளவுள்ள துகள்களை வேண்டியவாறு ஆக்கும் வழியை அவர் கண்டார். ‘உருவாயிற்று’ என்பதோடு அமையாது, ‘நாம் நினைத்த அளவில் உருவாயிற்று’ என்று சொல்லும் நிலைக்கு அத்துறையைக் கொண்டுவந்தார்.

கணிப்பொறிக்குள் ஒரு துளி நீர்

இயற்பிய வேதியியலின் மற்றொரு கிளை மூலக்கூறு இயக்கவியல். இங்குக் குப்பியில்லை, அடுப்பில்லை. அணுக்களைச் சிறு பந்துகளாகக் கொண்டு, அவை ஒன்றையொன்று ஈர்க்கும் விசையையும் விலக்கும் விசையையும் கணக்கிட்டு, நியூட்டனின் இயக்க விதிப்படி அவை அடுத்த நொடித்துளியில் எங்கிருக்கும் என்று கணிப்பொறி சொல்லும். அந்நொடித்துளி மிகச் சிறிது; பெரும்பாலும் ஒரு பெம்டோ வினாடி. ஒரு வினாடியைக் கோடி கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்தாகப் பகுத்தால் வருவது அது. எகிப்தில் பிறந்த அகமது சுவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றதும் அந்நுண்கால அளவில் மூலக்கூறுகளின் வினையைக் கண்டறிந்தமைக்கே.

இக்கணக்கீட்டு முறைக்குத் தந்தை எனப் போற்றப்படுவோருள் முதன்மையானவர் நம் நாட்டவர் என்பதை மாணவர் பலரும் அறியார். அனீசுர் ரகுமான் 1927இல் ஐதராபாத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணி ஆற்றியபின் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் சென்றவர். 1964இல் திரவ ஆர்கானின் 864 அணுக்களைக் கணிப்பொறியில் இயங்கவிட்டு, அவற்றின் அசைவை ஆராய்ந்து எழுதினார். 1971இல் ஸ்டில்லிஞ்சர் என்பாரோடு சேர்ந்து 216 நீர் மூலக்கூறுகளைக் கொண்டு நீரின் இயல்பை ஆராய்ந்தார். 1987இல் அவர் மறைந்தார். கணிப்பொறிவழி இயற்பியலுக்கு அமெரிக்க இயற்பியல் கழகம் 1993 முதல் வழங்கிவரும் பரிசு அவர் பெயரையே தாங்கியுள்ளது.

ரகுமான் எடுத்துக்கொண்ட ஆர்கானால் யாருக்கு என்ன பயன் என்று அன்று ஒருவர் கேட்டிருக்கலாம். உடனடிப் பயன் ஏதுமில்லைதான். ஆகவே, ‘ஊருக்குப் பயன்படாத ஆய்வு வீண்’ என்று நாம் சொல்ல வரவில்லை. அது குறுகிய பார்வை. ‘திரவத்தினுள் அணுக்கள் எவ்வாறு அசைகின்றன?’ என்னும் தெளிவான வினா ரகுமானிடம் இருந்தது. தாம் கணக்கிட்ட விரவல் எண்ணை ஆய்வகத்தில் அளந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நேர்மையும் இருந்தது. பயனுள்ள ஆய்வு, பயனற்ற ஆய்வு என்று பிரிப்பதினும் வினாவுள்ள ஆய்வு, வினாவற்ற ஆய்வு என்று பிரிப்பதே தகும் என்பது நம் கருத்து.

இன்று அன்றைய பெருங்கணிப்பொறியினும் ஆற்றல்மிக்க கருவி மாணவரின் மேசைமேல் உள்ளது. மூலக்கூறு இயக்கத்தைக் கணக்கிடும் குரோமாக்ஸ், லாம்ப்ஸ் முதலிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கோடி ரூபாய் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வாங்க இயலாத கல்லூரிக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் இங்கும் அதே நோய் தலைகாட்டுகின்றது. விசைக்கணக்கு அப்பொருளுக்குப் பொருந்துமா என்று நோக்காமல், விடையை எந்த அளவையோடும் ஒப்பிடாமல், கட்டுரையின் இறுதியில் வண்ணப்படம் ஒன்றைச் சேர்ப்பதற்காகவே கணிப்பொறி ஓட்டப்படுகின்றது. அங்கே கரைசலின் நிறம். இங்கே படத்தின் நிறம். வேறுபாடு இல்லை.

எண்ணிக்கையின் மோகம்

இந்நிலைக்கு மாணவரை மட்டும் குறை கூறல் அறமாகாது. கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியரின் உயர்வும் கல்லூரியின் தரமும் மதிப்பிடப்படுகின்றன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்னும் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளில் நீக்கியது. விதி மாறினும் மோகம் மாறவில்லை. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இம்மோகத்திலேயே பிழைக்கின்றன. எண்ணிக்கையை வேண்டுவோர்க்கு எளிய வழி இலையை மாற்றுவது. கடிய வழி வினாவை மாற்றுவது. எளிய வழியில் செல்பவரைத் தடுக்க நம்மிடம் ஏற்பாடு ஒன்றும் இல்லை.

‘இளம் ஆய்வாளர் பிறர் செய்ததைப் பார்த்துச் செய்துதானே பழக வேண்டும்?’ என்று கேட்பார் உளர். உண்மையே. சிறுவன் கோடிட்ட தாளில் எழுதிப் பழகுவது போன்றது அது. முதுகலை மாணவர் ஒருவர் வேப்பிலைச் சாற்றில் வெள்ளித் துகள் ஆக்கிப் பழகுதல் நன்று. அப்பழக்கத்தைப் ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று பெயரிட்டு, நான்காண்டு இளமையை அதற்கே ஈடாக வைப்பதுதான் தவறு.

வாசலில் நிற்கும் வினாக்கள்

வினாவைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி. பறித்த பருத்தியின் மேல் மெழுகுப் பூச்சு இயற்கையாகவே உண்டு. அது நீரை ஏற்காது. காரத்தில் வேகவைத்து, வெளுத்து, மெழுகை நீக்கிய பின்னரே அது குருதியை உறிஞ்சும். நீர்ப்பரப்பில் இட்ட மருத்துவப் பஞ்சு பத்து வினாடிக்குள் அமிழ வேண்டும் என்று மருந்துத் தரநூல்கள் விதிக்கின்றன. பத்து வினாடியில் அமிழ்வதும் அமிழாமற்போவதும் நூலிழையின் மேற்பரப்பில் நீர் பரவும் கோணத்தைப் பொறுத்தது. அது முழுக்க முழுக்க இயற்பிய வேதியியல். அத்துணியில் வெள்ளி நானோ துகளை ஏற்றினால் புண்ணைக் காக்குமா? ஏற்றினால் உறிஞ்சும் திறன் குறையுமா? துகள் நூலைப் பற்றி நிற்குமா, முதல் ஈரத்திலேயே உதிர்ந்து போகுமா? வெளுத்த நீர் சென்று சேரும் ஓடையின் கதி என்ன? பருத்தியின் செல்லுலோசு இழையின் மேல் நீர் மூலக்கூறு எவ்வாறு அமர்கின்றது என்பதைக் கணிப்பொறியில் இயக்கிப் பார்க்கலாம். தறிக்குச் சென்று அளந்தும் பார்க்கலாம்.

நம்மைக் காண வந்த மாணவர் சத்திரப்பட்டிக்காரர். அவர் தந்தையும் பாட்டனாரும் கட்டுத்துணி நெய்தவர்கள். நான்காண்டுகளில் தம் வீட்டுத் தறியிலிருந்து ஒரு முழத் துணியையேனும் அவர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றதில்லை. “அப்படிச் செய்யலாம் என்று தோன்றவே இல்லை ஐயா” என்றார். இச்சொல் நம் நெஞ்சைத் தைத்தது.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையுமே அதன் பொருள்கள். ஆயினும் பால் என்பதே ஒரு நானோ உலகம். பாலுக்கு வெண்மை தருவன அதில் மிதக்கும் கொழுப்புத் திவலைகளும் கேசின் என்னும் புரத உருண்டைகளும் ஆம். அப்புரத உருண்டைகள் ஏறத்தாழ 150 நானோமீட்டர் அளவின. கிண்டக் கிண்ட நீர் வற்றிப் புரதங்கள் நெருங்குகின்றன. பாலின் சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து இளம்பழுப்பு நிறமும் மணமும் பிறக்கின்றன. எப்பதத்தில் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்பதை இனிப்பு செய்பவரின் கை அறியும். அக்கை அறிந்ததை எண்ணாலும் அளவாலும் எழுதிவைத்தால், சுவை கெடாமல் சில நாள் கூடுதலாகக் காக்கும் வழி புலப்படலாம். சிறு வணிகர் பயன்பெறுவர்.

மூன்றாவது வினா உயிரோடு தொடர்புடையது. அண்டையிலுள்ள சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலில் அலுமினியத் தூள் இன்றியமையாதது. தூள் நுண்ணிதாக ஆக அதன் மேற்பரப்பு பெருகும், வினையும் விரையும். மேலே கூறிய பதினைந்து சென்ட் மனைக் கணக்கு இங்கே விபத்தின் கணக்காக மாறுகின்றது. அலுமினியமும் நைட்ரேட்டும் கலந்த கலவையில் ஈரம் புகுந்தால் தானே சூடேறித் தீப்பற்றும் இடர் உண்டு. பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்சநீதிமன்றம் 2018இல் தடை விதித்தபின், மாற்றுக் கலவைகளை நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் உருவாக்கித் தந்தது. எந்த ஈரப்பதத்தில், எந்தத் துகளளவில், எத்தனை மணி நேரத்தில் கலவை இடர்நிலையை எட்டும் என்பதை அறிந்து, அறை வாசலில் தமிழில் எழுதி ஒட்டும் அளவுக்கு எளிமையாக்கித் தருதல் அருகிலிருக்கும் ஆய்வாளர் கடன் அன்றோ? மருந்து கலக்கும் கைகள் நம் மாணவர்களின் தாய் தந்தையரின் கைகள்.

இவ்வாறு வினாவிலிருந்து தொடங்கினால் விளைவு யாதாகும் என்பதற்குச் சான்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் அவர்களின் குழு, குடிநீரில் கலந்த பூச்சிக்கொல்லியை வெள்ளி நானோ துகளால் அகற்ற இயலுமா என்று வினவி, வழி கண்டது. 2007இல் அது வீட்டு வடிகட்டியாகவே கடைக்கு வந்தது. வெள்ளித் துகள் ஒன்றே, வினாதான் வேறு.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை?

வேதியியலைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று சிலர் கருதலாம். தாய்மொழியில் ஒருவர்க்கு விளக்கிச் சொல்ல முற்படும்போதே தாம் செய்வது இன்னதென ஆய்வாளர்க்கே தெளிவாகின்றது. அயல்மொழித் தொடர்களின் பின்னே வெறுமையை மறைத்துவிடலாம். நெசவாளியாகிய தந்தையிடம் தமிழில் பேசும்போது மறைக்க இயலாது. “இதனால் என்னப்பா தெரிந்தது?” என்று அவர் கேட்டே தீர்வார்.

இப்பணி புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிறீன் அவர்களின் முயற்சியால் 1875லேயே ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் தமிழில் வந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் அன்பர்களும் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். பின்னாளில் ‘திண்ணை ரசாயனம்’ என்னும் நூலையும் இராஜாஜி எழுதினார். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா அவர்கள் 2017இல் மறையும் வரை தம் வாழ்நாளை அறிவியல் தமிழுக்கே ஈந்தார். கிரேக்க நூல்கள் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டு, அம்மொழியிலேயே புதிய வினாக்கள் எழுந்தபோது அங்கு அறிவியல் செழித்தது. வேதியியலுக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயரே ‘அல்கீமியா’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. சொல்லைப் பெயர்ப்பதோடு நில்லாது அம்மொழியில் வினவத் தொடங்கும் சமுதாயமே அறிவியலைத் தனதாக்கிக்கொள்கின்றது.

எனவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் மூன்று. மாணவச் செல்வங்களே, ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ‘எனக்குத் தெரியாதது என்ன? எவ்விடை வந்தால் என் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வேன்?’ என்று இரண்டு வரி தமிழில் எழுதி, ஏட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதச் செய்து, அதைத் தொழில் செய்வோர் முன்னிலையில் படிக்கச் செய்யுங்கள். திருத்தித் தர எம் தமிழ்த்துறை என்றும் காத்திருக்கும். சமுதாயப் பெரியோர்களே, கட்டடத்துக்கு வழங்கும் கொடையில் சிறு பகுதியை ஆய்வு மாணவரின் மாதிரிகளை வெளியூர்க் கருவியகங்களில் சோதிக்கும் கட்டணத்துக்கென ஒதுக்குங்கள். சுவரில் பெயர் பொறிக்கப்படாத கொடைதான். ஆயினும் நல்ல வினாவோடு வந்த பிள்ளை பணமின்றித் திரும்பாதிருக்க அதுவே துணை.

அம்மாணவர் மீண்டும் ஒருநாள் வந்தார். கையில் கட்டுத்துணி ஒரு முழம். தம் வெள்ளித் துகளை அதன்மேல் ஏற்றியதாகவும், ஏற்றிய துணி நீரில் முன்னினும் தாமதமாக அமிழ்வதாகவும், அதன் காரணம் தமக்கு விளங்கவில்லை என்றும் கூறினார். “ஏன் என்று தெரியவில்லை ஐயா” என்றபோது அவர் முகத்தில் வருத்தமில்லை, ஆர்வமே இருந்தது. அவருடைய ஆய்வு அன்றுதான் தொடங்கிற்று என்று நாம் கருதுகின்றோம்.